நரைமுடி நிறத்து நூல்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பால்காரர் தண்ணீர் கலந்திருக்கிறாரா என்று பாலை விரலால் தொட்டுப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் சிரித்தால் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொள்வேன். அதனால் அந்தக் குரோஷா பின்னல் பெட்டி வீட்டுக்கு வந்தபோதும் முதல் வேலையாக அதைச் சந்தேகப்பட்டேன்.

ஆன்லைனில் வாங்கிய பெட்டி. மேலே ஒரு கரடிக்குட்டியின் படம். உள்ளே பழுப்பு நூல் உருண்டைகள், கரடியின் கழுத்துத் துண்டுக்குக் கொஞ்சம் சிவப்பு நூல், கொக்கி ஊசி ஒன்று, திணிக்கப் பஞ்சு, ஆங்கிலத்தில் ஒரு செய்முறைத் தாள். சுற்று எங்கே தொடங்குகிறது என்று கண்ணியில் மாட்டிவைக்கும் பிளாஸ்டிக் வளையங்களும் உண்டு என்று படத்தில் காட்டியிருந்தார்கள். பெட்டியைக் கவிழ்த்து உதறியும் அவை இல்லை. ஏமாற்றிவிட்டான் என்று முனகிக்கொண்டே, அவற்றுக்குப் பதிலாக என் சேலை ஊக்குகளை எடுத்து வைத்துக்கொண்டேன்.

எனக்குக் கரடி வேண்டாம். கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போகவிருந்த என் மகள் கேட்டது வேறு.

"அம்மா, அத்தைய மாதிரி ஒரு குட்டி பொம்மை செஞ்சு தாம்மா. அத்தைக்குத் தெரியாம. கெளம்புத அன்னைக்குத்தான் காட்டணும்" என்றாள்.

அத்தை என்பது என் கணவரின் அக்கா. எனக்கு மைனி. கல்யாணமே செய்துகொள்ளாமல், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, தம்பிகள் இருவரையும் ஆளாக்கியவர். பாளையங்கோட்டையில் நாங்கள் இருக்கும் வீடு அவர் பெயரில் இருக்கிறது. நான் அலுவலகத்தில் இருந்த நேரமெல்லாம் என் மகளை வளர்த்ததும் அவர்தான். அம்மாவைப் போல ஒரு பொம்மை கேட்கத் தோன்றவில்லையே என்று எனக்கு வருத்தம்தான். அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தாளில் 'சிங்கிள்' போடு என்றிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரிடம் நான் படித்த வழியில், சிங்கிள் என்றால் கண்ணிக்குள் கண்ணியை இழுத்து நழுவ விடுவது. அப்படியே போட்டேன். தலை கொட்டைப்பாக்கு அளவில், பாக்கைப் போலவே இறுகி நின்றது. ஊசியை உள்ளே விட முடியவில்லை. நூல் மட்டம், ஊசி அளவு தப்பு என்று விற்றவனைத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் மகள்தான் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். இந்தத் தாளை எழுதியவர்கள் சிங்கிள் என்று சொல்வதை எங்கள் டீச்சர் டபுள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து போட்டேன்.

அதற்குப் பிறகு கரடி மெல்ல மெல்ல மைனியாக மாறியது. பழுப்பு நூல் அவர் நிறத்துக்கு அப்படியே பொருந்தியது. துருத்திய மூக்கை விட்டுவிட்டேன். கரடிக்குக் கால்கள் தனித்தனி. சேலைக்குள் அது சரிவராது. இரண்டு கால்களையும் முட்டுக்கு நேராக ஊக்குகளால் சேர்த்துப் பிடித்து, அதன் மேல் வீட்டில் கிடந்த சாம்பல் நூலால் சேலையைச் சுற்றுச் சுற்றாகப் பின்னினேன். கழுத்துத் துண்டுக்கான சிவப்பு நூல் சேலைக்குக் கரையாயிற்று. மைனிக்கு இடது காதுக்குக் கீழே ஒரு மரு உண்டு. கறுப்பு நூலில் ஒரு முடிச்சுப் போட்டு அதையும் வைத்தேன். கரடிக் காதுகளுக்கு உண்டான இரண்டு அரைவட்டங்களைச் சேர்த்துத் தைத்தால் கொண்டை வந்துவிடும் என்று கண்டுபிடித்தபோது எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

கொண்டைக்குத்தான் நூல் அமையவில்லை. மைனியின் முடி முழு வெள்ளையும் இல்லை, சாம்பலும் இல்லை. நரைக்குள் லேசாகச் செம்பட்டை ஓடும். ஒரு நாள் காலை அவர் குளிக்கப் போனபோது, அவர் சீப்பிலிருந்து நாலைந்து முடியை எடுத்து ஒரு தாளில் மடித்துக்கொண்டு டவுணுக்குப் பஸ் ஏறினேன். ரத வீதியில் நூல்கடைக்காரரிடம் தாளைப் பிரித்து, "இந்த நெறத்துல வேணும் அண்ணாச்சி" என்று நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது யாரு முடி?"

"எங்க மைனி முடி."

"எடுத்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதைக் கீழ வைங்க. நான் இங்கனயிருந்தே பாத்துக்கிடுதேன்."

நூலைச் சரியாகத்தான் எடுத்துக் கொடுத்தார். மீதிச் சில்லறையை மட்டும் என் கையில் தராமல் மேசைமேல் வைத்தார். கிறுக்கு மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் உதிர்ந்த முடியைச் சுருட்டி, தூவென்று துப்பித்தான் வெளியே போடுவார்கள். ஏன் என்று கேட்டால் சும்மா ஒரு பழக்கம் என்பார்கள். மைனியும் அப்படித்தான் செய்வார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் ஜெபம் பண்ணுகிற வேதக்காரக் கிறிஸ்தவர்கள் நாங்கள். செய்வினை, ஏவல் எல்லாம் எங்களுக்குக் கிடையாது என்று சொல்லிக்கொள்வோம். யாரையும் நம்பாத நான் அதை மட்டும் அப்படியே நம்பியிருந்தேன்.

அடுத்த வாரம் மைனி மாறிவிட்டார். நான் போட்டுக் கொடுத்த காப்பியை அவர் வாழை மரத்து மூட்டில் ஊற்றுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தன் அறையைப் பூட்டத் தொடங்கினார். நாங்குநேரியில் இருக்கும் சின்னத் தம்பியோடு போனில் தணிந்த குரலில் பேசுவார். நான் அந்தப் பக்கம் வந்தால், "பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவார். எனக்கு வேறென்ன தோன்றும்? வீட்டைத் தம்பிக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார். கணவரிடம் சொன்னேன்.

"அக்காவுக்கு முட்டுவலி. அதான் ஒரு மாதிரி இருக்கா. நீ சும்மா இரு" என்றார்.

முட்டுவலிக்கும் காப்பியைக் கொட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? அக்காவும் தம்பியும் சேர்ந்து ஏதோ மறைக்கிறார்கள் என்று கணவரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் பொம்மையைக் காணவில்லை. முகம் முடிந்துவிட்டது. ஊக்குகளை எடுத்துவிட்டு, திறந்திருந்த சேலை அடியைத் தைப்பதுதான் பாக்கி. பீரோவில் என் சேலைகளுக்கு அடியில், முடி மடித்த தாளோடு வைத்திருந்தேன். அந்தத் தாளும் இல்லை. மைனிதான் என்று அப்போதே முடிவு கட்டினேன். என் மகளுக்கு நான் ஒன்று செய்து கொடுப்பதுகூட இவருக்குப் பொறுக்கவில்லை என்று நெஞ்சு எரிந்தது.

மறுநாள் காலை மைனி பையும் குடையுமாக முன்னறையில் நின்றார்.

"நான் நாங்குநேரிக்குப் போறேன். இனி தம்பி வீட்டுல இருந்துக்கிடுதேன். பிள்ளைய நீங்களே பஸ் ஏத்தி விட்டுருங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் பொம்மை எங்க மைனி?"

"ஆத்துல."

"ஆத்துலயா?"

"தலையணை உறை எடுக்கப் பீரோவைத் தொறந்தேன். போன வாரமே பாத்துட்டேன். எம் முட்டுல ஊக்கு குத்தி வச்சிருக்க. எம் முடிய மடிச்சு வச்சிருக்க. எத்தன நாளு பொறுப்பேன்? நேத்து ஆட்டோ பிடிச்சுப் போயி, பாலத்துலயிருந்து விட்டுட்டு, ஜெபம் பண்ணிட்டு வந்தேன். நான் உனக்கு என்ன செஞ்சேன்? வீடு வேணும்னா வாயத் தொறந்து கேட்டிருந்தா தந்திருப்பேன்லா."

இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர் என்னைப் பற்றி இப்படி நினைக்க முடிந்ததே என்று அழுகை வந்தது. அவரைப் பற்றி நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை.

சத்தம் கேட்டு மகள் ஈரத்தலையோடு வந்தாள்.

"அத்தை, அது எனக்குச் செஞ்சது. நான்தான் கேட்டேன். அங்கன ஹாஸ்டல்ல ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே தூங்கலாம்னு" என்று சொல்லி, கரடிப் படம் போட்ட பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

மைனி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கரடிக்கும் எனக்கும் என்னட்டி சம்பந்தம்?" என்றார். கரடியின் காதுதான் அவருடைய கொண்டை என்று விளக்கினேன். ஊக்கு எதற்கு, முடி எதற்கு என்று பழைய டீச்சர் குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கடைசியில் பையைக் கீழே வைத்தார்.

"ஆனா ஆத்துல விட்ட பொறவு முட்டுவலி கொறஞ்சிட்டே" என்றார், இன்னும் முழுதாக நம்பாமல்.

அன்று அவர் நாங்குநேரிக்குப் போகவில்லை. சாயங்காலம் மகளைப் பஸ் ஏற்ற எங்களோடு வந்தார். அவள் பொம்மை இல்லாமலே போனாள்.

பார்சலில் அனுப்புவதற்காக இரண்டாவது பொம்மையைத் தொடங்கினேன். இந்த முறை ஒளிவுமறைவு கிடையாது. ஊக்குக்குப் பதிலாகச் சிவப்பு நூல் துண்டுகளை அடையாளத்துக்குக் கட்டினேன். சனிக்கிழமை மத்தியானம் மைனி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் போட்ட காப்பி அவர் கையில் இருந்தது. முதல் வாய் குடிப்பதற்கு முன், நான் என் டம்ளரில் குடிக்கிறேனா என்று பார்த்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பார்த்திருக்கலாம். நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன்.

"அதை ஆத்துல விடுததுக்கு முன்னால மூஞ்சியப் பாத்தேன்" என்றார் திடீரென்று. "காதுக்குக் கீழ இருக்குத மருவக்கூட வச்சிருந்த. எங்கம்மா போன பொறவு என் மூஞ்சிய அப்படி உத்துப் பாக்க யாரும் இருந்ததில்ல. ஒருத்தி நம்மள இவ்வளவு பாக்கான்னா, அது வெறுப்புலதான் இருக்கும்னு நெனச்சிட்டேன்."

கண்ணீர் மறைத்ததில் எனக்கு ஒரு கண்ணி விட்டுப்போயிற்று.

"மைனி, கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டு, மரு தெரியும்படி திரும்பி உட்கார்ந்தார்.