சவுண்டு சுகுமார் வாங்கிய ஹெட்செட்

எங்கள் தெருவில் யாரும் அலாரம் வைத்துப் படுப்பதில்லை. எதிர்வீட்டுச் சுகுமார் காலையில் பல் விளக்கிவிட்டுத் தொண்டையைச் செருமினால் போதும், தெருக்கோடி எருமைகூட எழுந்து நின்றுவிடும்.

சின்ன வயதிலிருந்தே கூடப் பழகியவன் என்பதால் சொல்கிறேன், அவன் பிறக்கும்போதே இப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நின்று உதட்டை மட்டும் அசைப்பான். மைக் செட் தொழிலுக்குப் போன பிறகு வந்த தொண்டை இது. திருப்புலிவனத்திலும் சுற்றியிருக்கிற ஊர்களிலும் கல்யாணமோ காதுகுத்தோ, அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாளோ, எதுவானாலும் அவனுடைய ஸ்பீக்கர் பாக்ஸ்தான் வந்து நிற்கும். நிலமும் கொஞ்சம் இருக்கிறது. அதைத் தம்பியிடம் விட்டுவிட்டான். ஏன்டா என்று கேட்டால், "நெல்லுக்குக் காது கெடையாதே மச்சான், அதுக்கு இன்னா பாட்டு போட்டு இன்னா புண்ணியம்" என்பான்.

வீட்டு முகப்பில் 'கீர்த்தி சவுண்ட் சர்வீஸ்' என்று போர்டு தொங்குகிறது. கீர்த்தி அவனுடைய ஒரே மகள். படித்து முடித்துப் புனேயில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் போன பிறகு சுகுமாருக்கு வாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். அன்றைக்குத்தான் வீடியோ காலில் வருவாள். பாட்டுகளைச் சேர்த்து வைக்க வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஹாலில் இருக்கிறது. அதற்கென்று தனி ஸ்பீக்கர் கிடையாது, வயர் நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். போனில் பேசுவது அவனுக்குச் சரிப்படவில்லை. "கொசு காதாண்ட வந்து பேசறா மாரி கீது" என்பான். ஆகவே மகள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்பதெல்லாம் ஹாலில் இருக்கும் பாக்ஸ் வழியாகத்தான் வரும். எதிர்வீட்டில் இருக்கும் எனக்குச் சொல் எதுவும் புரியாது, டம்ளர் மட்டும் அதிரும். எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "உனுக்குக் காது ரொம்ப ஷார்ப்பு மச்சான்" என்று என்மேலேயே குறை சொல்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென்னேரிக் கல்யாணத்துக்குப் போகவேண்டிய இரண்டு பெரிய பாக்ஸ்கள் அவன் வாசலில் தெருவைப் பார்த்து நின்றன. கம்ப்யூட்டரில் நாதஸ்வரம் போட்டு அவற்றைச் சோதித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் கீர்த்தியின் கால் வந்தது. மகள் முகத்தைக் கண்டதும் பாட்டை நிறுத்தினானே தவிர, வயரை மாற்றத் தோன்றவில்லை.

பேச்சு மாப்பிள்ளையைப் பற்றி. நாலு வீடு தள்ளி இருக்கிற ஆண்டாளம்மாள் தன் அண்ணன் மகனுக்குக் கீர்த்தியைக் கேட்டிருந்தாள். பையனும் பெண்ணும் ஒருமுறை போனில் பேசியும் ஆகிவிட்டது. ஆள் எப்படி என்று சுகுமாரின் மனைவி கீதா கேட்டாள்.

"ஆளு பரவால்லம்மா. ஆனா அவங்கம்மா எடுத்துக் குடுக்கற சட்டையதான் போடுவானாம். தலைக்கு எண்ணெகூட அவங்கம்மாதான் வெச்சி விடுவாங்களாம். எனக்குக் கட்டிக்க ஆள் வேணும்மா. வளக்கறதுக்கு ஆள் வேணாம்."

ஒரு எழுத்துக்கூடச் சிதறாமல் கோயில் மதில் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆண்டாளம்மாள் அப்போது வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் எண்ணெய் வைக்கிற விஷயம் ஊர்ச் சொத்தாகிவிட்டது.

ஆண்டாளம்மாள் அந்த வீட்டோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். தெருமுனையில் உட்காரும் பையன்கள் எதற்கெடுத்தாலும் "வளக்க ஆள் வேணாம்" என்று ஒருவனை ஒருவன் கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் கீர்த்தியின் சிநேகிதி இளவரசி புனேவுக்குச் சுடச்சுடச் சொல்லிவிட்டாள். கீர்த்தி கூப்பிடுவதை நிறுத்தினாள். சுகுமார் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. எழுத்தில் சாட் மட்டும் வரும். "சாப்டேன்பா." "ஓகேப்பா." "மீட்டிங்ல இருக்கேன்பா."

சுகுமார் அதைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "எய்துல சவுண்டே இல்லியே மச்சான். கோவமா கீறாளா, அய்துகினு கீறாளா, ஒண்ணும் தெரியல" என்றான் ஒருநாள். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டு டம்ளர் அதிராமல் ஒரு மாதம் போயிற்று. இத்தனை வருஷம் நான் கேட்ட அமைதி அதுதான், வந்த பிறகு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கடைசியில் கீதாதான் வழி சொன்னாள். "காதுல மாட்டிக்கினு பேசறது ஒண்ணு கீதில்ல, வாயாண்ட மைக் வெச்சது? அத வாங்கிக்கினு வாங்க. அவ பேசறது உங்க காதோட நிக்கட்டும். அப்பறம் அவளே பேசுவா."

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு அவன் வண்டியிலேயே போனோம். கடையில் நிஷா என்று ஒரு பெண் இருந்தாள்.

"கேமுக்கா அங்கிள், ஆன்லைன் கிளாசுக்கா?"

"பொண்ணாண்ட பேசணும்மா. பாட்டும் கேக்கணும். ஆனா பக்கத்துல நிக்கறவனுக்கு ஒரு சொல்லு கேக்கக் கூடாது."

அந்தப் பெண் லேசாக ஒன்றை எடுத்துக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தாள். காதுப் பக்கம் வெறும் பஞ்சு. சுகுமார் தன்னுடைய பென் டிரைவைச் செருகி நாதஸ்வரம் போட்டான், வால்யூமைக் கடைசி வரைக்கும் ஏற்றினான். பிறகு என்னைப் பார்த்து, "மச்சான், நீதான் தெரு. அங்க போய் நில்லு" என்றான். நான் போய் பிரிண்டர்களுக்குப் பக்கத்தில் தெருவாக நின்றேன்.

"கேக்குதா?"

"கச்சேரியே கேக்குதுடா."

அது போயிற்று. வயர் இல்லாத ஒன்றைக் காட்டினாள். "சார்ஜ் எறங்கிச்சின்னா தாலி கட்டற நேரத்துல மானம் போய்டும்மா. எனுக்கு வயர்தான் சாமி." காது இரண்டிலும் சிவப்பும் நீலமுமாக லைட் எரிகிற ஒன்று வந்தது. "சீரியல் செட்டு நம்மளாண்டயே கீது" என்று தள்ளிவிட்டான். நாலாவதாக வந்தது காதை முழுக்க மூடுகிற தடித்த மெத்தை வைத்தது. வயர் உண்டு, வாய்க்கு நேராக வளைத்துக்கொள்ளும் மைக்கும் உண்டு. தெருவாகிய எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிஷா பில் புத்தகத்தைத் திறந்துவிட்டாள்.

அதுவரை வெளியே கேட்கிறதா என்பதிலேயே கவனமாக இருந்தவன், இப்போதுதான் பாட்டைக் கேட்டான். நெற்றியைச் சுருக்கினான்.

"இதுல தவுலக் காணோம். லெப்ட் சைடு அவுட்டு."

அந்தப் பாட்டில் நாயனம் வலது பக்கமும் தவில் இடது பக்கமும் வரும். எத்தனையோ கல்யாணத்துக்கு அதைப் போட்டிருக்கிறான், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். நிஷா அதே மாதிரியில் வேறொன்றைப் பிரித்துக் கொடுத்தாள். அதிலும் தவில் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. அவளே மாட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் நல்லா வருதே அங்கிள்" என்றாள். சுகுமார் நம்பவில்லை. கம்பெனி மாலே சரியில்லை என்றான்.

விசேஷ வீட்டில் ஒரு பாக்ஸ் பாடவில்லை என்றால் அவன் முதலில் செய்வது, இடது வயரை வலதிலும் வலது வயரை இடதிலும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. கோளாறு வயரோடு போகிறதா, பாக்ஸிலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். அதே யோசனையில் ஹெட்செட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினான். மைக் தப்பான பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்கச் சிரிப்பாக இருந்தது, சிரிக்கத்தான் போனேன். அவன் முகம் மாறியதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"இப்ப தவுலு கேக்குது" என்றான் மெதுவாக. "நாயனத்தக் காணோம்."

பிறகு கழற்றி, வயரைப் பதமாகச் சுற்றி நிஷாவிடம் கொடுத்தான். "இதுல ஒண்ணும் கோளாறு இல்ல பாப்பா. இதையே குடுத்துடு."

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் நின்றான். "எடது காது போய்ட்ச்சி மச்சான். எப்பப் போச்சின்னே தெரியல. நான் பாட்டுக்கு பாக்ஸத் திட்டிக்கினு இருந்துக்கீறேன். கீதாகிட்ட சொல்லிடாத, பயந்துடுவா." வருஷக்கணக்காகப் பாக்ஸை ஒட்டி நின்றே வாழ்ந்தவன். அரைக் காதுக்குக் கேட்கவேண்டும் என்று ஏற்றி ஏற்றி வைத்த சத்தம்தான் தெருவையே தூக்கியிருக்கிறது. ஒரு டீ குடிக்கலாம் வாடா என்று மட்டும் சொன்னேன்.

ஊருக்கு வந்ததும் ஆம்ப்ளிஃபயர் வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிச் சுருட்டிப் பரணில் போட்டான். ஹெட்செட் மாட்டிய கோலத்தில் என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னான். மைக் மூக்குக்கு நேராக இருந்தது. அதைக் கீர்த்திக்கு அனுப்பி, கீழே என்னையே எழுதச் சொன்னான்: "கண்ணு, இத வாங்கிக்கீறேன். இனிமே தெருவுக்குக் கேக்காது. ஒரு தபா பேசு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். கீதா அப்போது தெருக் குழாயடியில் இருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஆண்டாளம்மாள் தன் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு! கேக்குதா கண்ணு? எனுக்கு நல்லா கேக்குது! தெருவுக்குக் கேக்கல!"

குழாயடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நாங்கள் யாரும் யோசிக்காத சங்கதி இது. காதை மெத்தை வைத்து அடைத்ததில் மகள் குரல் வெளியே வரவில்லை. ஆனால் தன் குரலே தனக்குக் கேட்காமல் அவன் அடித்தொண்டையிலிருந்து கத்தினான். மைக் செட் இல்லாமலே தெரு நிறைந்தது. கீதா குடத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

"கத்தறேனா? இல்லியே கண்ணு, மெதுவாத்தான் பேசறேன்! ஏன் அன்னிக்கி அவ்ளோ சவுண்டு வெச்சேன்னா கேக்கற? எனுக்கு எடது காது போய்ட்ச்சி கண்ணு. கடையிலதான் தெரிஞ்சிது. உங்கம்மாவுக்குத் தெரியாது, நீ சொல்லிடாத!"

கீதா வாசற்படியில் நின்றுவிட்டாள். கதவில் வைத்த கையை எடுக்கவில்லை.

"ஊருக்குக் கேக்கணும்னு வெக்கல கண்ணு. எனுக்குக் கேக்கணும்னுதான் வெச்சேன். நீ சொல்றதுல ஒரு சொல்லு உட்டுப்போச்சின்னாலும் எனுக்கு அன்னிக்கித் தூக்கம் வராது. இந்த ஒரு மாசம் நீ பேசல, சோறு எறங்கல கண்ணு. கோவம்னா கோவமாவே பேசு. திட்டு. ஆனா வாயத் தொறந்து பேசு!"

அதன்பிறகு வெகுநேரம் அவன் குரல் வரவில்லை. மகள் பேசுகிறாள் என்று புரிந்துகொண்டோம். தெருமுனைப் பையன்கள் செல்போன் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். ஆண்டாளம்மாள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். கீதா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, யாரும் எதுவும் சொல்லவேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

யாரும் சொல்லவில்லை. எங்கள் தெரு ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் சுகுமார் வாசலில் வயர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆண்டாளம்மாள் அவனுடைய இடது பக்கமாக வந்தாள். வந்தவள் நின்றாள். நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய், "பொண்ணு பேசிச்சா சுகுமாரு?" என்று சாதாரணக் குரலில் கேட்டாள்.

"பேசிச்சிக்கா" என்றான், வாயெல்லாம் பல்லாக.

இப்போது பால்காரரும் வலது பக்கம் வந்துதான் நிற்கிறார். அந்தப் பையன்களும் அப்படித்தான். கீதா சோறு போடுவதும் வலது பக்கத்திலிருந்துதான். காது டாக்டரிடம் போகவேண்டும் என்று கீர்த்தி பிடிவாதமாக இருக்கிறாள், காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போக நான் தயாராகத்தான் இருக்கிறேன். அவன் கேட்டால்தானே. நேற்றும் சொல்லிப் பார்த்தேன்.

"டாக்டரு எதுக்கு மச்சான்? அந்த ஹெட்செட் வாங்கனதுலேந்து காது தெளிஞ்சிட்ச்சிடா. யாரு பேசனாலும் நல்லா கேக்குது" என்றான்.

நான் அவனுடைய வலது பக்கம் நின்றுகொண்டு, "அப்படியா, ரொம்ப நல்லதுடா" என்றேன்.