நாளைக்குச் செத்துப்போன ராஜா

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பையோடு தாராவிக்கு வந்தேன். இன்னொருவர் பட்டறையில் தோல் வெட்டி, பிறகு சொந்தமாகப் பெல்ட் பட்டறை போட்டு, செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வீடு வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் போதும், அது ஆடா எருமையா, கத்தி எங்கே வழுக்கியது என்று சொல்லிவிடுவேன். இப்பேர்ப்பட்ட நான், ஒரு சின்னப்பிள்ளைக் கதையின் கடைசி அத்தியாயத்துக்காக மாசக்கணக்கில் காத்துக் கிடக்கிறேன்.

என் வீட்டுக்காரி செத்துப்போன அதே வருஷம்தான் எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. டி.வி. பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். அப்போது மகன் குடும்பம் என்னோடு இருந்தது. "தாத்தா பக்கத்துல உக்காரு" என்று பேத்தியை அனுப்பினார்கள். பன்னிரண்டு வயது. கையில் தடியாக ஓர் இங்கிலீஷ் புத்தகம். அட்டையில் கிரீடம் வைத்த எலும்புக்கூடு.

"இந்தியில சொல்லட்டா தாத்தா? எனக்கு அதுதான் ஈசி."

"வேண்டாம் பிள்ள. இந்தியில கேட்டா தோல் யாவாரி பேரம் பேசுத மாதிரியே இருக்கும். தமிழ்ல சொல்லு."

அவள் இங்கிலீஷில் மனசுக்குள் படித்துவிட்டு, தட்டுத் தடுமாறித் தமிழில் சொல்வாள். கதை இதுதான். ஒரு ராஜா செத்துவிட்டான். ஊருக்கே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. புது ராஜா வந்தால் பட்டாபிஷேக விருந்துக்கு யார் பாத்திரம் கழுவுவது என்று வேலைக்காரர்கள் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் ராஜாவின் தலை கழன்று ரசத்தில் விழும். சமையல்காரர் அதைக் கரண்டியால் எடுத்து, துடைத்து, கழுத்தில் வைத்துவிட்டு, "உப்பு சரியா இருக்கா மகாராஜா?" என்று கேட்பார்.

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் கட்டிய கட்டு நனைந்துவிட்டது. "ஆபரேஷன் பண்ணின கண்ணு தாத்தா!" என்று பேத்தி கத்தினாள்.

வீட்டுக்காரி காரியத்தன்று, மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தவரின் மடியில் செல்போன் கல்யாணப் பாட்டுப் பாடியது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் இருந்திருந்தால் அவள்தான் முதலில் சிரித்திருப்பாள். கூடியிருந்த பெரியவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். அன்று அடக்கியது இந்த ரசத்தில்தான் வெளியே வந்தது. சாவைப் பற்றிப் பெரியவர்கள் பேசினால் வழுவழுவென்று பாலிஷ் போட்டுத்தான் பேசுவார்கள். பிள்ளைகள் கதையில் பாலிஷ் இல்லை. தோலின் தழும்பு அப்படியே தெரிகிறது.

கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் ராஜாவுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. பேத்தி சொன்னாள்: "ராஜா கேக்குறார், 'நான் நாளைக்கே செத்துட்டேனா? ஏன் யாருமே என்கிட்ட சொல்லல?'"

எனக்குப் புல்லரித்தது. நாளைக்குச் செத்துவிட்டேனா! என்ன ஒரு எழுத்து! அதன் பிறகு ராஜா, தனக்கு முன்பே செத்துப்போன ராணியைத் தேடி ஒரு விளக்கோடு கீழே இறங்குகிறான். அதோடு அன்றைக்கு நிறுத்தினாள். மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். அதே வாரம் மகனுக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. சாமான் கட்டும் அமளியில் மிச்சக் கதையை யார் கேட்பது? புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டு, "நேத்து போன்ல படிச்சுக் காட்டுறேன் தாத்தா" என்று போய்விட்டாள்.

கட்டடத்து பெஞ்சில் சாயங்காலம் கீழ்வீட்டுக்காரரோடு உட்காருவேன். பாலக்காட்டுத் தமிழர், ஆபீசர் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், தனி ஆள். அவரிடம் ராஜாவின் வசனத்தைப் பெருமையாகச் சொன்னேன். புத்தகத்தைக் கேட்டு வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"நேத்திக்குன்னுதான் இருக்கு சார். நேத்திக்கே செத்துட்டேனான்னு கேக்கறான். உங்க பேத்தி மாத்திச் சொல்லிட்டா. இங்க இருக்கற குழந்தைகளுக்கு இந்தியோன்னோ முதல்ல வரது? அதுல நேத்திக்கும் நாளைக்கும் ஒரே வார்த்தை, 'கல்'தானே."

எனக்குத் தெரியாதா என்ன? ஒரு தடவை அவளைத் திருத்தியிருக்கிறேன். "ஜானே தோ தாத்தா, விடு" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் இந்தியிலேயே பேசினாள். அதிலிருந்து நான் வாயைத் திறப்பதில்லை. ஆனால் ராஜாவின் வசனத்திலும் அதே தப்பு நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இந்த மாதிரி புக் எல்லாம் நான் நெறைய படிப்பேன்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "மாட்டுங்கா நடைபாதையில வாங்குவேன். பேரனுக்குன்னு சொல்லிடுவேன்."

"பேரன் எங்க இருக்கான்?"

"பேரனா? எனக்குக் கல்யாணமே ஆகலையே சார்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, "ராணி கெடைச்சாளா இல்லையான்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிடட்டுமா?" என்றார். சட்டென்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன். "வேண்டாம் சார். அது என் பேத்தி சொல்ல வேண்டியது."

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்து போனது. காலையில் டீ போடும்போது கை தானாக இரண்டு கிளாஸ் எடுக்கிறது. ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். மேஜையில் எலும்புக்கூடு கிரீடத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"சாரி தாத்தா, நாளைக்கு பண்ணலாம்னு இருந்தேன், மறந்தே போயிட்டேன். ஸ்கூல், டியூஷன்... கோவமா?"

"கோவம் என்னட்டி கோவம்? ராஜா விளக்கோட படியிலயே நிக்கான். கால் கடுக்கும்லா?"

அவள் சிரித்தாள். "செத்தவருக்கு எப்படித் தாத்தா கால் வலிக்கும்? இப்ப டியூஷனுக்கு டைம் ஆச்சு. நேத்து கண்டிப்பா படிக்கலாம். பக்கா."

நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"சரி மக்கா. நேத்தே படிப்போம்."