எறும்பு ஏறாத களம்

நடந்தது வரிசையாக:

1. ஜவ்வாது மலையில் நெல்லிமேடு என்ற ஊர். அங்கே கூரை போன ஒரு பழைய மருந்துக் கிடங்கு. உள்ளே பி.எச்.சி. பவுடர், அதாவது பயிர்ப் பூச்சிக்குத் தூவும் வெள்ளைத் தூள், மூட்டை மூட்டையாக மழையில் நனைந்து கிழிந்து மண்ணில் கரைந்தது. அதை வைத்திருந்த தனியார் ஏஜென்ட் எப்போதோ கடையை மூடிவிட்டுப் போயிருந்தார்.

2. சுவர்க் கல்லை ஊரார் எடுத்துக்கொண்டார்கள். சமதளம் மிஞ்சியது. மலையில் சமதளம் சும்மா கிடக்காது. ராசம்மா என்பவர் அதைச் சாணி போட்டு மெழுகிச் சாமை அடிக்கும் களமாக்கிக்கொண்டார்.

3. போபால் விஷவாயு விபத்துக்கு மறு வருடம், கைவிட்ட மருந்துக் கிடங்குகளை ஆய்வு செய்யும் வேலை எங்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு வந்தது. மலைப்பகுதி என் பங்கில் விழுந்தது.

4. சாம்பிள் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினேன். களத்து மண்ணில் பி.எச்.சி. நிறைய இருந்தது. களத்துக்குக் கீழே சரிவில் ஊரே குடிக்கும் ஊற்று. ஊற்றுத் தண்ணீரில் இன்னும் இல்லை.

5. அந்த "இன்னும்" என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டேன்.

6. ஐப்பசி மழைக்கு முன்னால் மண்ணை வெட்டி எடுத்துப் புதைப்பது என்று திட்டம் ஆயிற்று. அதே நேரத்தில் சாமைக் கதிர் பழுத்துவிட்டது. ராசம்மா களத்தைத் தர மாட்டேன் என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் ஆறாவதிலிருந்து படித்தால் போதும். முதல் ஐந்தும் எந்த ரிப்போர்ட்டிலும் இருக்கும்.

பனியில் கட்டிய கயிறு

இரண்டாவது முறை போனபோது புரட்டாசி. ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், வழியில் ஒரு வளைவுக்குப் பிறகு பனி ஆளை மூடிக்கொள்ளும். முன்னால் போகிறவரின் தலைச்சுமை மட்டும் தனியாக மிதந்து போகும். நெல்லிமேட்டுக்கு விழித்தபடி போய்ச் சேர்ந்ததாக எனக்கு எப்போதும் நினைவில்லை. நடந்துகொண்டே இருப்பேன், ஏதோ ஒரு சமயத்தில் கோழி கூவும், ஊர் வந்திருக்கும்.

களத்தில் முளை அடித்துக் கயிறு கட்டிக் கட்டம் போட்டேன். ஒவ்வொரு முளையிலும் வெள்ளைத் துணி. கயிறு சற்று தூரம் போய்ப் பனிக்குள் மறைந்துவிடும். துணிகள் மட்டும் கொக்குக் கூட்டம் உட்கார்ந்ததுபோல் தெரியும். எந்த முளை எந்த எண் என்று எழுதிக்கொண்டே போனாலும், ஒரு கனவுக்குள் அளவெடுப்பதாகவே இருந்தது.

ராசம்மா வந்து ஒரு முளையைக் காலால் தட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கொண்டையில் அரிவாள் செருகியிருந்தார்.

"இன்னாம்மா இது, எங் களத்துல கொடி கட்டிக்கினு கீற? தேர்தலா?"

"மண்ணை எடுக்கணும்க்கா. இதுல மருந்து இறங்கியிருக்கு."

"எடுத்துட்டு? எங் கதிர உன் மடியில அடிக்கிறதா?"

பின்னால் வந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ராசம்மா சிரிக்கவில்லை.

"ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. இந்த ஊர்ல எத்தினி களம் கீது? எல்லாத்துலயும் எறும்பு. காலையில குவிச்சா சாயந்தரம் பாதி போய்டும். எங் களத்துல ஒரு எறும்பு ஏறாது. சாமி குடுத்த எடம் இது."

அவர் சொன்னதை அன்றே என் கண்ணால் பார்த்தேன். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. களம் மெழுகிய அன்று, நாலு மூலையிலும் கைப்பிடி சாமை வைப்பார்கள். எறும்புக்குப் படி அது. "இதத் தின்னுட்டுப் போ, குவியல்ல வாய் வெக்காத" என்று சொல்லிவிட்டு வைப்பார்கள். மற்றக் களங்களில் அந்தக் கைப்பிடியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு புறப்பட்டுப் புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு எறும்பும் தலைக்கு மேல் ஒரு மணியைத் தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாத ஊர்வலமாக. ராசம்மாவின் களத்தில் நாலு கைப்பிடியும் வைத்தபடியே பனி கோத்து மினுங்கின.

அதைப் பார்த்து நின்றபோதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. லேப் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். மழை அதுவரை காத்திருக்காது. கயிற்றைக் களத்துக்கு வெளியே சரிவு வரை நீட்டி, ஒவ்வொரு முளைக்கும் அடியில் ஒரு சிட்டிகை சாமை வைத்தேன். எறும்பு எடுத்த இடம், எடுக்காத இடம் என்று இரண்டாகப் பிரித்தேன். சந்தேகமான எல்லையில் மட்டும் சாம்பிள் எடுத்தேன்.

எங்கள் என்ஜினியர் தணிகாசலம் சார் திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் வந்து பார்த்தார்.

"இன்னாம்மா, எறும்ப வெச்சு ரிப்போர்ட்டா? மெட்ராஸ்ல படிச்சுட்டுச் சிரிப்பாங்க."

"ரிப்போர்ட்ல லேப் நம்பர்தான் சார் இருக்கும். எறும்பு எங்க தோண்டணும்னு மட்டும் சொல்லும்."

"அதுக்குச் சம்பளம் யாரு குடுக்கிறது?"

"சாமைதான் சார்."

அவர் சிரித்துவிட்டு எல்லைக்கோட்டோடு கூடவே நடந்து பார்த்தார். ஊற்றுப் பக்கம் அது ஒரு நாக்குபோல் நீண்டிருந்தது. அங்கே வந்ததும் சிரிப்பு நின்றது. "மொதல்ல இந்த எடம்" என்றார்.

இரண்டு பை

ராசம்மா மட்டும் அசையவில்லை.

"எறும்பு சாவுற மண்ணுல இத்தினி வருசமா அடிச்ச சாமைய நாங்க தின்னுக்கினுதான் கீறோம். நாங்க சாவலியே?"

இந்த மருந்து உடம்புக் கொழுப்பில் மெல்லச் சேரும், இன்று தெரியாது என்று சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கே கதைபோல் கேட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, என்றோ ஒரு நாள் வரும் என்றால் யார்தான் நம்புவார்கள்?

மறுநாள் சாம்பிள் பைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். காட்டுப் பக்கத்துச் சுத்த மண் ஒரு பையில், களத்து மண் ஒரு பையில். ராசம்மா கதிர் அறுக்கப் போகிற வழியில் எதிரில் வந்து குந்தினார். காட்டு மண் பையை முகர்ந்து பார்த்தார். கீழே வைத்தார். அடுத்த பையை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"இது எங்க வூட்டு வாசனையாச்சே" என்றார்.

பி.எச்.சி.க்கு ஒரு பூஞ்சை நெடி உண்டு. ஈரச் சுவரும் பழைய துணியும் சேர்ந்த மாதிரி. ஒரு முறை மூக்கில் ஏறினால் போகாது. இந்த வேலையில் இருக்கும் யாருக்கும் தெரியும்.

"வூட்ல எங்கக்கா அந்த வாசனை?"

"கொதிரண்ட." குதிர் என்பது தானியம் சேர்த்து வைக்கும் மண் தொம்பை. "எறும்பு வரக்கூடாதுன்னு இந்த மண்ணக் கொதிருக்கு அடியில போட்டுக் கெட்டிச்சேன். எங்க வூட்ல மட்டுமில்ல. கேட்டவங்களுக்கெல்லாம் கூடை கூடையாக் குடுத்தேன். ராசம்மா வூட்டு மண்ணுன்னா ஊர்ல ஒரு பேரு."

கட்டம் போட்டு, எல்லை பிடித்து, கன அளவு கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். மண் கிடந்த இடத்தை மட்டும் அளந்திருந்தேன். அது நடந்து போய் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் படுத்துக்கொண்டிருந்தது.

ராசம்மா பையின் வாயை முடிந்து என்னிடம் தள்ளினார்.

"எந் தங்கச்சிய ஒடுகத்தூர்ல குடுத்தோம். ஒரு தீவாளிக்கு வந்தவ, 'யக்கா, உஞ் சோத்துல மருந்து நாத்தம் அடிக்குது, கொழந்தைக்குக் குடுக்காத'ன்னா. கீழ போய் நெல்லுச் சோறு தின்ன கொழுப்புடீ உனுக்குன்னு ஏசி அனுப்ச்சேன். அப்புறம் அவ வரல. நானும் போவல."

கொண்டையிலிருந்த அரிவாளை எடுத்து மறுபடி செருகிக்கொண்டார்.

"அவ சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான்க்கா."

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். போகும்போது திரும்பாமல் சொன்னார்: "களத்த எடுத்துக்க. வூட்டு மண்ண நீ போய்க் கேக்காத. நாந்தான் குடுத்தேன், நானே கேக்கறேன்."

குழி

எங்கே புதைப்பது என்பதில் பெரிய சண்டை. மலைக்குக் கீழே கொண்டுபோக யாரும் ஒப்பவில்லை. சாமான் ஏற்றி வந்த லாரி டிரைவர் கபூர் பாய், "கீழ எந்த ஊர்க்காரன் வாங்குவான்? எனக்கே ஒடுகத்தூர் டீக்கடையில டீ குடுக்க மாட்டான்" என்றார். கடைசியில் ஊற்றுக்கு மறு சரிவில், நீர் ஓட்டம் இல்லாத ஒரு புறம்போக்கு மேட்டைப் பிடித்தோம். செய்த வரிசை இது:

குழி வெட்டினோம். கீழேயிருந்து ஏரிக் களிமண் கொண்டுவந்து அடியிலும் சுற்றிலும் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தோம். மண்ணை ஒவ்வொரு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் சுண்ணாம்பு கலந்தோம். சுண்ணாம்பு இந்த மருந்தை மெல்ல உடைக்கும். மேலே மறுபடி களிமண், அதற்கு மேல் கருப்புப் பாலிதீன், அதற்கு மேல் நல்ல மண், புல். மழைநீர் உள்ளே வராமல் மேல்பக்கம் ஒரு வாய்க்கால்.

எழுதினால் ஒரு பத்தி. வேலை செய்யும்போது முழுக்க வெள்ளை. சுண்ணாம்பு வெள்ளை, பனி வெள்ளை, மூக்கிலும் வாயிலும் துணி கட்டிய ஆட்களின் முகம் வெள்ளை. யார் ஆண், யார் பெண் என்று தெரியாது. சத்தமும் பஞ்சில் பொதிந்ததுபோல் வரும். திமிசு விழுவது யாரோ தூரத்தில் கதவைத் தட்டுவதாகக் கேட்கும்.

ஊற்றுப் பக்கத்து நாக்கை முதலில் வெட்டினோம். பிறகு களம். கடைசியில் வீடுகள்.

வீட்டு மண் வராது என்றுதான் நினைத்திருந்தேன். குதிரில் உள்ளதைக் காலி செய்து, அதை நகர்த்தி, அடியைத் தோண்டி, மறுபடி மெழுக வேண்டும். அறுவடை நேரத்தில் யார் செய்வார்கள்? ஆனால் ஒரு காலையில் பனிக்குள்ளிருந்து ஒரு கூடை வந்தது. அதன் பின் இன்னொன்று. வரிசையாகப் பெண்கள், தலையில் கூடை, ஒருவர் பின் ஒருவராக. மேட்டு வளைவில் ஏறி வந்தார்கள். நான் எங்கோ இதைப் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. தலைக்கு மேல் ஒரு மணியைத் தூக்கிக்கொண்டு போன அந்த ஊர்வலம்தான். இப்போது திசை மட்டும் வேறு.

முதல் கூடை ராசம்மாவினுடையது. குழியோரம் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

"எல்லார் வூட்லயும் ஏச்சு வாங்கினேன். 'குடுக்கும்போது மவராசி, கேக்கும்போது பிச்சக்காரியா'ன்னா ஒருத்தி."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஆமாண்டி, பிச்சதான், போடுன்னேன்."

அப்போது மேற்கே இடி இடித்தது. கபூர் பாய் ஓடிவந்தார். "அம்மா, சீக்கிரம் மூடுங்க! மலைப்பாதை நனைஞ்சா என் வண்டி கீழ எறங்காது, நான் இங்கியே ஒரு வூடு பாத்துக்கினு ஒக்காந்துட வேண்டியதுதான்!"

"ஒக்காரு பாய், சாமைக்களி போடறோம்" என்றது வரிசையில் ஒரு குரல். அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கூடைகளைக் கொட்டி, களிமண்ணால் மூடி, பாலிதீனை இழுத்தோம். நாலு பக்கமும் கல் வைத்தோம். கடைசிக் கல்லை வைக்கும்போது முதல் துளி என் கைமேல் விழுந்தது. பாலிதீன்மேல் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் நனைந்தபடி நின்றோம். யாரும் கிளம்பவில்லை. தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, ஊற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போனது.

அந்த வருடச் சாமையை ராசம்மா ஊருக்கு மேலே உள்ள மொட்டைப் பாறையில் அடித்தார். எறும்பு தன் பங்கை எடுத்தது. மழையும் கொஞ்சம் எடுத்தது. மிச்சத்தில் ஒரு சிறு மூட்டை ஒடுகத்தூர் பஸ்ஸில் ஏறியதை நான் பார்த்தேன். கூடவே அவரும் ஏறினார்.

கற்றுக்கொண்டது

மண் எங்கே கிடக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கெல்லாம் போயிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு கெட்ட மண்ணுக்கு ஏதாவது ஒரு நல்ல குணம் இருந்தால், அது இருந்த இடத்தில் இருக்காது. அன்போடு யாராவது அதை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்திருப்பார்கள். அப்படிக் கொடுத்தவரைக் கண்டுபிடித்தால், திரும்ப வாங்கித் தருவதற்கும் அவரைவிட்டால் ஆள் இல்லை.

இப்போதைய நிலை

புதைத்த மேட்டில் புல் பிடித்திருக்கிறது. சுற்றிலும் கல் நட்டிருக்கிறோம். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் ஊற்றில் சாம்பிள் எடுக்கிறேன். இதுவரை சுத்தம்.

களத்தில் நல்ல மண் நிரப்பியிருக்கிறோம். இன்னும் யாரும் அங்கே கதிர் அடிப்பதில்லை. நான் போகும்போதெல்லாம் ராசம்மா வந்து நாலு மூலையிலும் கைப்பிடி சாமை வைக்கிறார். மறுநாள் காலையில் இருவரும் போய்ப் பார்ப்போம். முதல் வருடம் எறும்பு ஒன்றும் எடுக்கவில்லை. போன மாதம் மூன்று மூலைகளில் சாமை இல்லை. "பாரு, நல்லா இருந்த எடத்துல எறும்பக் கொண்டாந்து உட்டுட்ட" என்று என்னை ஏசினார்.

தென்மேற்கு மூலையில் கைப்பிடி வைத்தபடியே இருந்தது. அங்கே இன்னொரு முறை தோண்ட வேண்டும்.