தாத்தாவின் முன்கட்டு

எங்கள் வீட்டில் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும், பந்தி முடிந்ததும் தாத்தா கட்டுமரப் போட்டியில் ஜெயித்த கதையை யாராவது தொடங்கிவிடுவார்கள். இப்போது நான்தான் மூத்தவன் என்பதால் நானே சொல்கிறேன். அறுபது வயதில் அவர் ஜெயித்ததை ஒன்று விடாமல் சொல்வேன். கட்டு ஏன் அவிழ்ந்தது என்பதை மட்டும் சொன்னதில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. எங்கள் குப்பம் திருவொற்றியூர்க் கடற்கரையில் இருந்தது. அம்மன் திருவிழாவின் கடைசி நாள் காலையில் எங்களுக்கும் வடக்கே இருந்த குப்பத்துக்கும் கட்டுமரப் போட்டி நடக்கும். ஜெயித்த மரத்தில் முன்னால் உட்கார்ந்தவருக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டுவார்கள். மூன்று வருடமாக அது வடக்கேதான் போய்க்கொண்டிருந்தது. மீன் விற்கக் கல்மண்டபம் போகும் எங்கள் வீட்டுப் பெண்களிடம், "இன்னாம்மா, இந்த வருசமாச்சும் ஒங்க ஆம்பளைங்க தலைக்குத் துணி கெடைக்குமா?" என்று வடக்குக் குப்பத்துப் பெண்கள் கேட்பார்கள். அந்த ஆண்டு தாத்தா தானே போவதாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் துடுப்புப் போட அப்பாவும் சித்தப்பாவும்.

கட்டுமரத்தைக் கரைக்கு வந்ததும் அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப்போடுவார்கள். மறுநாள் மறுபடியும் சேர்த்துக் கட்ட வேண்டும். முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. கடலில் மூன்று பேருடைய உயிரும் அந்த இரண்டு கட்டுகளில்தான் இருக்கிறது. தாத்தா போட்ட முன்கட்டு ஒருநாளும் அவிழ்ந்ததில்லை. அதனால் குப்பத்தில் யார் புதுமரம் இறக்கினாலும் முதல் முன்கட்டை அவர்தான் கட்ட வேண்டும் என்பது வழக்கம்.

போட்டிக்கு முந்தின நாள் எனக்குக் கிரேன் பைத்தியம் பிடித்திருந்தது. ராயபுரம் போனபோது துறைமுகத்தில் கிரேன் மூட்டை தூக்குவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தாத்தாவின் முன்கட்டுக் கயிற்றை எடுத்துப் பூவரச மரக் கிளையில் போட்டேன். ஒரு முனையில் மீன் கூடை, கூடையில் தம்பி. அவன் பாதி உயரம் போகும்வரை கிரேன் நன்றாகத்தான் வேலை செய்தது. பிறகு கயிறு கிளையில் சிக்கிக்கொண்டது. அந்தரத்தில் தொங்கியவன் ஊரைக் கூட்டுவதுபோல் அழுதான். பயந்துபோய் மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்தேன். மணலில் விழுந்த தம்பியின் வாயை இரண்டு கமர்கட்டுகள் மூடின. அறுந்த கயிற்றை எனக்குத் தெரிந்த மாதிரி முடிச்சுப் போட்டுச் சுருட்டி, முடிச்சு உள்ளே இருக்கும்படி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை தாத்தா கரையில் மண்டியிட்டுக் கட்டினார். போட்டியன்று இன்னொருவரிடம் கயிறு கேட்பது தோற்றுப்போவதற்குச் சமம். பாதிக் கட்டில் அவர் விரல்கள் என் முடிச்சில் வந்து நின்றன. இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அதற்குள் சங்கு ஊதிவிட்டார்கள். முடிச்சை மரத்துக்கு அடியில் திருப்பிவிட்டுக் கட்டை முடித்தார். தாத்தாவுக்குக் கண் மங்கிவிட்டது, நான் தப்பித்தேன் என்று எனக்குள் மகிழ்ச்சி.

கடலில் நிறுத்தியிருந்த கொடிப்படகைச் சுற்றித் திரும்பும்வரை எங்கள் மரம் இரண்டு மர நீளம் முன்னால் இருந்தது. திரும்பும்போது முன்கட்டு விட்டது. மரங்கள் முன்முனையில், மூக்கில், விரிவதைக் கரையிலிருந்தே பார்த்தோம். தாத்தா துடுப்பைப் பின்னால் வீசிவிட்டுக் குப்புறப் படுத்து, விரிந்த மூக்கை இரண்டு கைகளாலும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். ஒவ்வொரு அலைக்கும் அவர் தலை தண்ணீருக்குள் போய் வந்தது.

"இன்னாபா, ஒங்க கெய்வன் படுத்துத் தூங்கிகினு வர்றாரு?" என்று வடக்குக் குப்பத்தான் ஒருவன் சிரித்தான்.

"தூங்கிகினே ஜெயிப்பாரு, நீ முழிச்சிகினு பாரு" என்றாள் என் அத்தை.

அப்பாவும் சித்தப்பாவும் பேய் பிடித்தவர்கள்போல் துடுப்புப் போட்டார்கள். வடக்கு மரம் நெருங்கி வந்து எங்கள் பின்கட்டைத் தொட்டது, பாதி மரத்தைத் தொட்டது. கடைசி அலை இரண்டையும் ஒன்றாகத் தூக்கியது. மணலில் முதலில் முட்டியது தாத்தா கட்டிப்பிடித்திருந்த மூக்கு. ஒரு கை அகலம்தான் வித்தியாசம். எங்கள் குப்பமே தண்ணீருக்குள் ஓடியது. மார்பும் கைகளும் தோல் உரிந்து ரத்தம் வழிய, தாத்தா எழுந்து நின்று சிரித்தார்.

கூட்டத்தின் நடுவில் அப்பா கயிற்றை எடுத்துப் பார்த்தார். "நைனா, இதுல இன்னா ஒட்டு முடிச்சி கீது? நீ ஒட்டுக் கயிறே வெச்சிக்க மாட்டியே. யார் கை வெச்சது?"

தாத்தா கயிற்றை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "நான் போட்டதுதான்டா. கை தளந்துபூட்ச்சி. வயசாவுதுல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயித்த நாளில் யாருக்கு என்ன கவலை? கோயிலில் கட்டிய பரிவட்டத்தை வெளியே வந்ததும் அவிழ்த்து என் தலையில் கட்டினார். நெற்றி வலிக்கும் அளவுக்கு இறுக்கி, "இது அவுராது" என்றார். அன்று முழுவதும் அதோடு குப்பத்தைச் சுற்றினேன். ஜெயித்தது நான்தான் என்பதுபோல் நடந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருவர் புதுமரம் இறக்கினார். தாத்தாவை மரியாதையாக அழைத்து, வெற்றிலை கொடுத்து, முன்வரிசையில் நிறுத்தினார்கள். கட்டுவதற்கு வேறொருவரைக் கூப்பிட்டார்கள். கை தளர்ந்துவிட்டது என்று அவரே ஊரறியச் சொன்னதுதானே. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் கயிற்றைச் சுற்றச் சுற்ற, தாத்தாவின் விரல்களும் என் உள்ளங்கையில் சுற்றிச் சுற்றி இறுக்கின. எனக்குக் கிச்சுகிச்சு மூட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.