ஹெட்போன் கிட்டார்க்காரி

ஆவடி குவார்ட்டர்ஸில் ஹேமாவதிக்கு வாய்த்த நல்ல பொருள்களில் பாதி, மகள் தீபிகா வேண்டாம் என்று ஒதுக்கியவை. பாதி தின்ற தோசை, ஒரே தடவை போட்டுவிட்டுக் கலர் டல் என்று கழற்றிய சுடிதார், முகப்பரு போகவில்லை என்று மூலையில் போட்ட கிரீம். அந்த வரிசையில்தான் எலக்ட்ரிக் கிட்டாரும் வந்து சேர்ந்தது.

பிளஸ் ஒன் படிக்கும்போது தீபிகா அடம்பிடித்துக் கேட்டாள். டாங்கி செய்யும் ராணுவ ஆலையில் வேலை பார்க்கும் அப்பா உதயகுமார், வெள்ளானூரில் ஒரு காலேஜ் பையனிடமிருந்து பழையதாக ஒன்றை வாங்கி வந்தார். சில வாரங்களிலேயே விரல் நுனி காய்த்துப் போகிறது, நெயில் பாலிஷ் நிற்கவில்லை என்று மகள் அதை பீரோவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டாள்.

ஹேமாவதிக்கு மண்ணூர்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வளையம் வளையமாக வரும் ரப்பரைப் பார்த்து இது சரி, இது சரியில்லை என்று பிரித்துப் போட வேண்டும். சங்கீதத்துக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது பாடத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்று சொன்னாள். உதயகுமாருக்கு அந்தப் பதில்தான் பிடித்ததாம். திருச்சியில் அவருடைய இரண்டு அக்காக்களும் பாடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை அடிக்கும்போது துடைப்பம் பட்டு கிட்டார்க் கம்பி அதிர்ந்தது. ஹேமாவதி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு விரலால் ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். அன்று வீட்டில் பாதி ஒட்டடை அப்படியே நின்றுபோனது.

எலக்ட்ரிக் கிட்டாரை, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் இல்லாமல் வாசித்தால் அது கொசு முனகுவது போலத்தான் கேட்கும். ஆம்ப் வைக்கலாமா என்றால், குவார்ட்டர்ஸ் சுவர்கள் பெயருக்குத்தான் சுவர்கள். இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். "ம்மா, ஆம்ப் எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு" என்று தீபிகா தன் பழைய லேப்டாப்பில் ஆம்ப் வேலையைச் செய்யும் பிளக்-இன் மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். கிட்டாரை லேப்டாப்போடு சேர்க்க சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. காதுக்கு ஹெட்போன்.

திரையில் ஆம்ப்களின் படங்கள் வரிசையாக வந்தன. உண்மையானவை ஒவ்வொன்றும் பீரோ கனம் இருக்குமாம், இங்கே படமாக உட்கார்ந்திருந்தன. ஹேமாவதி அதற்குள் புடவைக் கடைக்குப் போனவள் மாதிரி நுழைந்தாள். இதைப் பிரி, அதைக் காட்டு, அந்தக் கறுப்புப் பெட்டியை எடு, வேண்டாம், பழையபடி அந்த மஞ்சளையே வை. கடைக்காரன் முகம் சுளிக்கவில்லை என்பது இதில் கூடுதல் வசதி. ஸ்பீக்கர் படத்தின் முன்னால் ஒரு மைக் படம் நின்றது. அதை மவுஸால் கொஞ்சம் நகர்த்தினால் சத்தத்தின் நிறமே மாறியது.

எஃபெக்ட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பழகினாள். டிலே என்று ஒன்று, சொன்னதையே நாலு தடவை திருப்பிச் சொல்லும். அவள் மாமியாரின் சுபாவம். ரிவெர்ப் என்று ஒன்று, பாத்ரூமில் பாடுகிறவனுக்கு வரும் தன்னம்பிக்கையை வெளியறையிலேயே தரும். நாய்ஸ் கேட் என்பது வாசல் காவல்காரன். கம்பியில் கை தெரியாமல் பட்ட கிறீச்சலை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, நல்ல சத்தத்தை மட்டும் உள்ளே விடும். இத்தனை பேர் துணைக்கு நிற்க, ஹேமாவதி கம்பியைத் தொட்டால் காதுக்குள் கோபுரம் எழும்பியது.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கோபுரம் தெரியவில்லை. சத்தமே இல்லாத அறையில் ஒரு நடுவயதுப் பெண் காதை மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துத் தலையை ஆட்டுவதுதான் தெரிந்தது. கீழ்வீட்டு அன்னம்மாள் மொட்டைமாடிக்குப் போகும்போது ஜன்னல் வழியாக இதை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு உதயகுமாரை மாடிப்படியில் நிறுத்தினாள்.

"தம்பி, ஹேமாவுக்கு வீட்ல ஏதும் மனக்கஷ்டமா?"

"இல்லக்கா. கிட்டார் வாசிக்கிறா."

"சத்தமே வரலியே."

"அவளுக்கு வருதாம்."

அதன் பிறகு அன்னம்மாள் வீட்டில் செய்யும் பாயாசத்தில் ஒரு கிண்ணம் மேலே வர ஆரம்பித்தது. பைத்தியத்துக்குப் பரிவு காட்டும் குடும்பம் அது.

இப்படியே நாலைந்து வருடம் போயிற்று. தீபிகா காலேஜுக்குப் போய்விட்டாள். ஹேமாவதி வாசிப்பதை லேப்டாப்பிலேயே பதிவுசெய்யவும் கற்றுக்கொண்டாள். ஓர் ஆனி மாதத்தில் உடுக்கைச் சத்தத்தின் மேல் தன் கிட்டாரை நாலு அடுக்காக வாசித்துப் பதித்து, அம்மன் பாட்டு மாதிரி ஒன்றைச் செய்தாள். பாட்டு என்றால் பாட்டு கிடையாது, கிட்டார் மட்டும்தான். உதயகுமார் அதைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். அதுவரை அவர் ஸ்டேட்டஸில் பி.எஃப். வட்டிச் செய்திகள் மட்டுமே வரும்.

ஆலையில் உடன் வேலை செய்யும் ஒருவர் மூலமாக அது பாரிவாக்கம் அழகேசனிடம் போய்ச் சேர்ந்தது. அழகேசன் கோயில் திருவிழாக்களுக்கு இன்னிசைக் குழு நடத்துகிறவன். அவனுடைய கிட்டார்க்காரன் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தான். உதயகுமாருக்கு போன் வந்தது.

"அண்ணாத்தே, இன்னா வாசிப்பு வாசிச்சிகீற. நம்ம ஊர்ல ஆடித் திருவிழா வருது. வந்து வாசிக்கணும்."

"நான் இல்லீங்க. அது எங்க வீட்டம்மா."

அழகேசன் சட்டென்று சுதாரித்துக்கொண்டான். "அப்ப ரொம்ப நல்லதா போச்சு. அம்மன் கோயிலு. பொடவ கட்டிகினு வருவாங்களா?"

ஹேமாவதி முடியவே முடியாது என்றாள். மறுநாள் கம்பெனியில் வழக்கத்தைவிட அதிகமாக வாஷர்களைக் கழித்துக்கட்டினாள். சூப்பர்வைசர் வந்து எதற்கு இவ்வளவு என்று கேட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அரக்குப் புடவை வெளுக்கப் போட்டது வந்துவிட்டதா என்று உதயகுமாரைக் கேட்டாள். அவர் புரிந்துகொண்டார்.

திருவிழா அன்று வெளிச்சம் இருக்கும்போதே பாரிவாக்கம் போய்ச் சேர்ந்தார்கள். உதயகுமார் லேப்டாப் பையைக் குழந்தையைத் தூக்குவது போல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அழகேசன் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"மேடம், கம்ப்யூட்டர்லாம் இங்க ஆவாது. ஜெனரேட்டர் கரண்டு. ஒரு ஜெர்க் அடிச்சா அவ்ளோதான். நம்ம எரும கீது, அதுல சொருகுங்க."

எருமை என்பது குழுவின் ஆம்ப். கறுத்து, அகன்று, ஒரு பக்கம் துணி கிழிந்து மேடையில் நின்றது. ஹேமாவதி தன் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு நிஜ ஆம்ப்பில் வயரைச் சொருகி, கம்பியைத் தட்டினாள்.

தகரக் கொட்டகை மேல் யாரோ பாத்திரம் கழுவிக் கொட்டியது போல் இருந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும் பாத்திரம்தான். கை வழுக்கியது கேட்டது, விரல் உரசியது கேட்டது, வளையல் இடித்தது கூடக் கேட்டது. காவல்காரன் இல்லாத வாசலில் ஊரே உள்ளே நுழைந்தது. இதைவிட மோசமான விஷயம் ஒன்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் அவள் ஒரு பங்கு வாசித்தால், மீதி மூன்று பங்கை டிலேதான் வாசித்திருக்கிறது. கோபுரத்தில் அவள் வைத்த செங்கல் ரொம்பக் கொஞ்சம்.

முதல் மூன்று பாட்டுக்கும் கிட்டாரின் வால்யூமை அடியோடு குறைத்துவிட்டு விரலை மட்டும் அசைத்தாள். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. அழகேசனுக்குத் தெரிந்தது. நாலாவது, அம்மனை அழைக்கும் பாட்டு. பம்பையும் உடுக்கையும் ஏறிக்கொண்டிருந்தபோது அவன் பாடிக்கொண்டே பின்னால் வந்து, எருமையின் வால்யூமை ஒரே திருகாகத் திருகிவிட்டுப் போனான். அவளும் பதற்றத்தில் கிட்டாரின் வால்யூமை அதே நேரத்தில் கூட்டினாள்.

ஆம்ப் ஊளையிட்டது.

ஹெட்போனில் இது நடக்கவே நடக்காது. ஆம்ப்பிலிருந்து வரும் சத்தம் கம்பியை உலுக்கி, கம்பியின் அதிர்வு மறுபடி ஆம்ப்புக்குள் போய், ஒன்றை ஒன்று தூக்கிவிட்டுக்கொண்டே போகும். நாய் அழுவதற்கும் சங்கு ஊதுவதற்கும் நடுவில் ஒரு சத்தம். ஹேமாவதி கம்பியை அமுக்கி அடக்கப் போனாள். அதற்குள் முன் வரிசைக்குப் பின்னாலிருந்து கெங்கம்மாள் எழுந்துவிட்டாள். பூந்தமல்லி மார்க்கெட்டில் கீரை விற்கும், ஒடிசலான, யாரிடமும் அதிர்ந்து பேசாத பெண் அவள். தலைமுடி அவிழ, நாக்கைத் துருத்திக்கொண்டு மேடையை நோக்கி ஆடி வந்தாள்.

பூசாரி வேப்பிலையோடு ஓடிவந்தார். "இன்னா கொற தாயி? சொல்லு."

"என் வாய்க்கால மூடி பிளாட்டு போட்டவன் எவன்டா?"

மேளம் நின்றுவிட்டது. ஊளை மட்டும் நிற்கவில்லை. முன் வரிசையில் பரிவட்டம் கட்டி உட்கார்ந்திருந்த லோகநாதன் பக்கம் எல்லார் தலையும் திரும்பியது. சீரியல் லைட் அவர் உபயம். வாய்க்காலை மண் கொட்டி நிரவியதும் அவர்தான். மழை வந்தால் கோயில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது ஊருக்கே தெரியும். அவரிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

பயத்தில் ஹேமாவதி கம்பியை அமுக்கினாள். ஊளை நின்றது. கெங்கம்மாளும் பேச்சை நடுவில் விட்டுத் திருதிருவென்று விழித்தாள். லோகநாதன் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்படியே நிறுத்து என்று ஹேமாவதிக்குக் கை காட்டினார். அழகேசன் அவர் கண்ணில் படாமல் முதுகுப் பக்கம் கையை வைத்து, விடு, விடு என்று விரலை ஆட்டினான்.

ஹேமாவதி இருவரையும் பார்த்தாள். நாளெல்லாம் சரி எது, சரியில்லாதது எது என்று பிரிக்கிற கை அது. கம்பியை விட்டுவிட்டு எருமையை நெருங்கி நின்றாள். ஊளை மறுபடி எழுந்தது.

"மழ வந்தா என் வாசல்ல தண்ணி நிக்குது. என் புள்ளைங்க எப்டிடா வருவாங்க?" கெங்கம்மாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். குரல் ஊளையைத் தாண்டிக் கேட்டது. "தொறப்பியா, மாட்டியா?"

ஊளை மங்கும்போதெல்லாம் ஹேமாவதி அரை அடி முன்னால் போய்ப் பிடித்துக்கொண்டாள். லோகநாதன் சுற்றிலும் பார்த்தார். துணைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

"தொறந்துர்றேன் தாயி" என்றார் கடைசியில். பூசாரி எலுமிச்சம்பழத்தை வெட்டினார். ஹேமாவதி கம்பியை அமுக்கிவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். உதயகுமார் சோடா கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த ஊளையைப் பதிவு செய்து தரச்சொல்லி அழகேசன் மறுவாரமே வந்து நின்றான். எல்லா ஊர்த் திருவிழாவுக்கும் ஆகும் என்று அவனுக்கு ஆசை. ஹேமாவதி பிளக்-இன்னில் எல்லாக் குமிழையும் திருகிப் பார்த்தாள். வரவில்லை. ஹெட்போன் சத்தம் காதுக்குள்ளேயே தங்கிவிடுகிறது, கம்பிக்குப் போய்ச் சேருவதில்லை. கடைசியில் நாய்ஸ் கேட்டை அணைத்து, லேப்டாப்பை டிவி ஸ்பீக்கர்களில் மாட்டி, ஒரு லீவு நாள் மத்தியானம் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு முழுச் சத்தத்தில் நின்றாள். ஊளை வந்தது. கூடவே அன்னம்மாளும் வந்தாள்.

"இம்புட்டு நாளா இதையா காதுக்குள்ள வச்சிருந்த?"

"ஆமாக்கா."

அன்னம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுசாகக் கேட்டாள். "காதுக்குள்ளேயே வச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பதிவு நன்றாகவே அமைந்தது. அழகேசன் அதை மூன்று ஊர்களில் ஒலிக்கவிட்டான். எங்கும் யாருக்கும் சாமி வரவில்லை. திருவேற்காட்டுப் பக்கம் ஓர் ஊரில் ஒரு நாய் மட்டும் கூடச் சேர்ந்து பாடியது. "நீங்களே வந்துருங்க ஹேமாக்கா" என்றான் அவன்.

லோகநாதன் வாய்க்காலை முழுசாகத் திறக்கவில்லை. ஒரு குழாய் போட்டுவிட்டார். தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. மார்க்கெட்டில் கெங்கம்மாளைப் பார்த்தபோது ஹேமாவதி அன்றைய விஷயத்தைத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எனக்கு ஒன்னும் நெனப்பு இல்லமா" என்றாள் கெங்கம்மாள், முருங்கைக் கீரையைக் கட்டிக்கொண்டே. "ஆனா கொழா பத்தல. அடுத்த ஆடிக்கு வருவ இல்ல?"

இப்போது ஹேமாவதி மாதத்துக்கு ஒன்றிரண்டு கச்சேரிக்குப் போகிறாள். பெரும்பாலும் லேப்டாப்பிலிருந்து நேராக மைக் செட் மிக்சருக்கு. ஜெனரேட்டர் ஜெர்க்குக்கு உதயகுமார் ஒரு யு.பி.எஸ்.ஸும் தூக்கிவருகிறார். எருமையை மேடையில் வைக்கச் சொல்வது அம்மன் பாட்டுக்கு மட்டும். வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் டிலேயை அணைத்துவிட்டு, தன் விரல் மட்டும் வாசிப்பதை அப்படியே கேட்டுப் பழகுகிறாள். கேட்கச் சகிக்கவில்லை என்று அவளே சொல்கிறாள். ஆனால் போன மாதத்தைவிட வளையல் சத்தம் குறைந்திருக்கிறதாம்.