குழாய் இல்லாத அறை

அஜ்லூன் மலைச்சரிவில் ஆலிவ் அறுவடை முடியும்போதுதான் ரஸ்மியாவின் வேலை தொடங்கும். எண்ணெய் பிழிந்தபின் ஆலையில் மிஞ்சும் கரிய சக்கையை, கொட்டையும் தோலுமாக அச்சில் அழுத்தி, உருளைகளாக வெயிலில் காயவைப்பாள். ஜிஃப்த் என்பார்கள். விறகைவிட நின்று எரியும்; மேலே சாம்பல் மூடினாலும் உள்ளே கனல் கிடக்கும்.

அந்தக் கனல்தான் அவள் கணவன் தியாபைக் கொண்டுபோனது. காய்ச்சலில் கிடந்தவன், கனல் சட்டியை அறைக்குள் இழுத்து வைத்து, சன்னலை அடைத்துக்கொண்டு படுத்தான். மேகம் கறுத்ததால் உருளைகளை மூடிவைக்க அவள் களத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அறை கதகதப்பாக இருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகும் அதே தொழில்தான் செய்தாள். வேறென்ன செய்வாள்? ஒன்று மட்டும் மாறியது. புகைக்குழாய் வைத்த அடுப்பு இல்லாத வீட்டுக்கு மூட்டை தரமாட்டாள்.

"அத்தை, ஜிஃப்த் விக்கிறீங்களா, பொண்ணு குடுக்குறீங்களா? இத்தனை விசாரணை!" என்றான் மூட்டை வாங்க வந்த முஹன்னத். அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்து ஒரு வாரம். வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது.

"குழாய் இருக்கா?"

"வாடகை அறை. சுவத்துல ஓட்டை போடக்கூடாதுன்னு வீட்டுக்கார ஹாஜி சொல்லிட்டார். சட்டியிலதான் போடணும்."

"அப்போ கிடையாது."

அவன் சிரிப்பு போய்விட்டது. "பிள்ளை விறைச்சுப் போகுது அத்தை. நீங்க தரலேன்னா சந்தையில வாங்குவேன்."

வாங்கத்தான் செய்வான். ரஸ்மியா உள்ளே போனாள். தன் வீட்டு அடுப்பைக் குழாயோடு கழற்றினாள்.

"ஒரு பக்கம் பிடி. சாம்பல் கொட்டாம."

அவன் அறையில் சன்னலின் ஒரு கண்ணாடியைப் பெயர்த்து, அந்த இடத்தில் தகரத்தை அடித்து, அதில் துளையிட்டுக் குழாயை வெளியே விட்டாள். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஹாஜி ஃபவ்வாஸ் ஏறி வந்தார்.

"யாரக் கேட்டுக் கண்ணாடிய எடுத்தான் இவன்?"

"அவன் எடுக்கல, நான்தான் எடுத்தேன், ஹாஜி. சுவத்தைத் தொடல."

தியாபின் உடலைக் குளிப்பாட்டியவர்களில் ஹாஜியும் ஒருவர். அவர் அடுப்பைப் பார்த்தார்; அது யார் வீட்டு அடுப்பு என்பது அவருக்குத் தெரியும். பாயில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். தகரத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இங்க இடைவெளி இருக்கு," என்றார். "புகை திரும்பும். களிமண் கொண்டு வரேன், பூசு."