முழங்கால் உயரச் சைப்ரஸ்

போன கிழமை பேராதனைப் பாதையோரக் கடையொன்றில் ஒரு குட்டைச் சைப்ரஸ் கன்று வாங்கினேன். எத்தனை வருடம் போனாலும் முழங்காலைத் தாண்டாது, அதுதான் இதன் விசேஷம் என்று கடைக்காரப் பொடியன் திரும்பத் திரும்பச் சொன்னான். தாவரவியலைக் கரைத்துக் குடித்தவன்போல் தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து, காலைத் தேத்தண்ணிக்கு முன் அதன் பக்கத்தில் விறைப்பாக நின்று, எனக்கும் அதற்கும் உயரத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து வருகிறேன். எனக்கு வயது ஐம்பதுக்கு மேல். குசினியில் சமைத்தபடி ஜன்னல் வழியாகச் சில நாள் பார்த்த மனைவி, பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

பழக்கம் பழையது. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது மாமா, அதாவது உம்மாவின் தம்பி, மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்ட பங்களாவில் பழைய அலுமாரி வாங்கப் போனார். அலுமாரி சரிவரவில்லை. வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு சைப்ரஸ் கன்றோடு எங்கள் ஊர் வத்தேகமவுக்குத் திரும்பினார். தோட்டத்து ரோட்டோரங்களில் வானத்தை இடிக்கிறமாதிரி நிற்கும் சைப்ரஸ்களை அவர் பார்த்திருந்தார். இது அவற்றின் பிள்ளை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ரெண்டு வருடத்தில் கூரையைத் தொடும் என்றார். மாமா எதையும் சந்தேகத்தோடு சொல்லி நான் கேட்டதில்லை.

உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனதும் அந்தக் கிழமைதான். அவளுக்கும் ரெண்டு வருடம்தான் கணக்கு. வாசலில் வேன் ஹோர்ன் அடிக்கிறது, வாப்பா பெட்டியை ஏற்றுகிறார், நான் அவளுடைய சாரியை விடமாட்டேன் என்கிறேன். உம்மா சுற்றிமுற்றிப் பார்த்தாள். கண்ணில் பட்டது அந்தக் கன்று.

"இந்த மரம் ஒன்ட தோளுக்கு வார நேரம் உம்மா வந்துடுவன், மகன். தண்ணி ஊத்திப் பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், பக்கத்து வீட்டு ஆட்டுப் புழுக்கை எல்லாம் அதற்குத்தான் போயின. மரம் அடர்ந்தது, பசேலென்று உருண்டது, வந்தவர்களெல்லாம் அழகென்றார்கள். உயரம் மட்டும் வரவில்லை. அது நகமளவு ஏறுவதற்குள் நான் சாணளவு ஏறினேன். அதாவது, நான் வளர வளர உம்மா தூரப் போய்க்கொண்டிருந்தாள்.

தலையில் பாரம் சுமந்தால் வளர்த்தி நிற்கும் என்று பள்ளியில் ஒருவன் சொன்னான். அன்றிலிருந்து விறகு, தண்ணீர், அரிசிப் பை எல்லாம் என் தலையில்தான். என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சாச்சி, உம்மாவின் தங்கை, தாய் போனதும் பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டதென்று ஊரெல்லாம் சொல்லி, தினமும் ஒரு முட்டை அவித்துத் தந்தாள். முட்டை தின்றால் வளர்ந்துவிடுவேன். முட்டையா உம்மாவா என்று நான் பட்ட பாடு சாச்சிக்குத் தெரியாது. பெரும்பாலும் உம்மாவே வென்றாள். சில நாள் முட்டை.

ரெண்டு வருடம் முடிகிற நேரம், ஊருக்கு வந்த யாரிடமோ உம்மா ஒரு கசட் கொடுத்தனுப்பியிருந்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். வீட்டுக்காரி விடுகிறாளில்லை, நமக்கும் சுவர் பாதியில் நிற்கிறது, இன்னும் ரெண்டு வருடம் நிற்கப்போகிறேன் என்றது குரல். நான் அழப்போகிறேன் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எதற்கு அழவேண்டும்? உம்மா சொல் மாறவில்லை. மரம் வராமல் அவள் எப்படி வருவாள்? வாப்பா ரெக்கோடரை நிறுத்தினார், வாளியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார், மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியபடி வெகுநேரம் முதுகைக் காட்டி நின்றார். கடைசியில் அவரும் வேலையில் சேர்ந்துவிட்டாரென்று எனக்குப் பெரிய சந்தோஷம். வெளியே நல்ல மழை பெய்துகொண்டிருந்தது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

அடுத்த தடவை உம்மா வருகிறாள் என்றே செய்தி வந்தது. நான் நேரே மரத்திடம் ஓடினேன். மரம் என் முழங்காலில்தான் நிற்கிறது. அதைக் கண்டால், இன்னும் நேரமாகவில்லையே என்று வந்த வேனிலேயே திரும்பிவிடமாட்டாளா? அவள் வரும் காலையில் கோழி கவிழ்க்கிற கூடையை எடுத்து மரத்தின்மேல் கவிழ்த்து மூடினேன்.

வந்தாள். மெலிந்திருந்தாள், புது அத்தர் வாசம் அடித்தது. பின்னேரம் முற்றத்துக்கு வந்தவள், கோழியென்று நினைத்துக் கூடையைத் தூக்கினாள். இனி மறைக்க வழியில்லை. நான் ஓடிப்போய் மரத்தின் பக்கத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, முதுகையும் கொஞ்சம் வளைத்துக்கொண்டேன்.

"இப்ப தோளுக்கு வருதுதானே உம்மா?"

உம்மா ஒரு கையில் கூடையோடு மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள். உட்கார்ந்து அளந்தால் செல்லுமா, செல்லாதா என்று யோசிக்கிறாள் என்றே நான் நினைத்தேன். தீர்ப்பு வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை, குசினியில் சாச்சியிடம் உம்மா சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது:

"அந்த எடத்துல ரம்பைச் செடி வச்சீந்தா எல கறிக்காவது ஒதவியீக்கும்."